ஒன்பதாம் எண் பாதையில் ஓர் இரவு

கடந்த அக்டோபரில் ஒரு புதன்கிழமை இரவு முழுவதையும் கேமரன் மலைக் காட்டுக்குள் தனியாக, நனைந்த துணியோடு, ஊன்ற முடியாத காலோடு உட்கார்ந்து கழித்தேன். ஓய்வு தேடிப் போன பயணம் அது. மூன்று வருடங்களாக எனக்கென்று ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளாத நான், நான்கு நாள் குளிரில் தூங்கி, தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். இதைப் படித்துவிட்டு யாரும் கேமரன் மலைக்குப் போவதை நிறுத்திவிடக் கூடாது. நானே மறுபடியும் போகத்தான் போகிறேன். ஆனால் கிளம்புவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் அந்த இரவு எனக்கு வந்திருக்காது. எனக்கு யாரும் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கிள்ளானில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 46. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. காலையில் அவரைக் குளிப்பாட்டி, பசியாற வைத்து, பார்த்துக்கொள்ள வரும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் வந்ததும் மறுபடியும் அதே வேலைகள். சிரம்பானில் இருக்கும் தங்கைதான் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன், நீ எங்கேயாவது போய்விட்டு வா” என்றாள். மறுக்கும் தெம்புகூட எனக்கு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அம்மாவுக்கு ஏதாவது என்றால் மட்டும் தங்கும் விடுதிக்குக் கூப்பிட வேண்டும். கைப்பேசியை நான் திறக்கவே மாட்டேன். அவளும் சரி என்றாள். அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது என்று சொல்லவே முடியாது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்த நிபந்தனையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறினேன். இந்த ஒரு முடிவை மட்டும் சரியாக எடுத்தேன். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கேமரன் மலைச் சாலை தாங்காது. பிரிஞ்சாங்கிலிருந்து கீ பார்ம் சந்தை வரையுள்ள சில கிலோமீட்டரைக் கடக்கவே மணிக்கணக்காகிவிடும். நான் ஏறிய அந்த ஞாயிறு பிற்பகலில் எதிர்ப்பக்கம் இறங்கும் கார்கள் வளைவுக்கு வளைவு நின்றுகொண்டிருந்தன. எங்கள் பஸ் தடையில்லாமல் மேலே போனது. மலைக்கு இரண்டு வழிகள் உண்டு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறுவது பழைய சாலை. குறுகலானது, வளைவுக்குப் பின் வளைவாக வயிற்றைப் புரட்டிவிடும். ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வருவது அகலமான புதுச் சாலை. என் பஸ் தாப்பா வழியாக ஏறியது. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் வாந்தி வந்துவிட்டது. தலைச்சுற்றல் உள்ளவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், முன்வரிசை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். சுற்றல் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டு எனக்குப் பலன் கிடைக்கவில்லை.

தானா ராத்தாவில் நான்கு இரவுக்கு 560 ரிங்கிட் கட்டி அறை எடுத்திருந்தேன். ரத்து செய்தாலும் பணம் திரும்பாது என்ற விலைதான் மலிவாக இருந்தது, அதையே எடுத்தேன். படத்தில் சன்னலுக்கு வெளியே பச்சை மலை தெரிந்தது. நேரில் பார்த்தால் காய்கறித் தோட்டங்களின் வெள்ளை நெகிழிக் கூரைகள்தான் சரிவு முழுக்கத் தெரிந்தன. கேமரன் மலையில் இது பரவலான காட்சி. தக்காளியும் ஸ்ட்ராபெரியும் விளைய அந்தக் கூரைகள் வேண்டியிருக்கின்றன. நம் ஊர்ச் சந்தைக்கு வருவதும் அங்கிருந்துதான். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தேயிலைக்கு நடுவே கண் விழிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், சன்னலிலிருந்து என்ன தெரியும் என்று விடுதிக்கு நேரடியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அறையில் இன்னொரு தொல்லை ஈரம். மெத்தையில் லேசாகப் பூஞ்சை வாடை அடித்தது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயவில்லை. மாற்றுத்துணி கூடுதலாக எடுத்துப் போயிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கக் கிளம்பினேன். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு பிரிஞ்சாங் தாண்டி மலைமேல் ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான சாலையில் ஏற வேண்டும். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு வாடகைக் கார் ஓட்டுநர் 80 ரிங்கிட் கேட்டார், கொடுத்தேன். போய்ப் பார்த்தால் தேயிலை நிலையம் திங்கட்கிழமை விடுமுறை. அழைத்துப் போனவருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா என்று அன்று முழுக்க மனத்துக்குள் குமைந்தேன். கேட்காமல் கிளம்பியது என் தவறுதான், ஆனாலும் அந்த 80 ரிங்கிட் உறுத்தியது. செயலியில் கூப்பிடும் கார்கள் அங்கே எனக்கு லேசில் கிடைக்கவில்லை. மலைமேல் உங்கள் சொந்தக் கார் இல்லையென்றால் ஒவ்வொரு இடத்துக்கும் இப்படித்தான் பணம் போகும், அதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன், மறுபடியும் 80. அந்த ஒருநாள் மட்டும் நான் தேடிப் போனது எனக்குக் கிடைத்தது. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு எழுதியது 1885-இல். முதல் பெரிய தேயிலைத் தோட்டம் 1929-இல் எழுந்தது. காட்டை வெட்டி இந்தச் சரிவுகளில் செடி நட்டவர்களில் நம் மக்கள் நிறையப் பேர். என் பாட்டி கீழே சமவெளியில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு “மேலே கேமரனில் கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் குளிரில் விரல் மரத்துப்போகும்” என்று பாட்டி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. இன்று அந்த வரிசைகளில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செடிமேல் இயந்திரத்தை ஓட்டிப் போகிறார்கள். பின்னால் கட்டிய பையில் இலை விழுந்து நிறைகிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் ஒரு சரிவை மூடும், திறக்கும், அடுத்த சரிவை மூடும். மூன்று வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஏதோ இளகி, காரணமே இல்லாமல் அழுதேன்.

திரும்பும்போது பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போனேன். பிறகு தானா ராத்தாவில் ஒரு கடையில் தேநீர் குடித்தபோது சுவரில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாள் படியைப் படித்தேன். தாய்லாந்துப் பட்டுத்துணி வியாபாரத்தில் பெயர் பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் 1967 மார்ச் 26-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தா அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே நடந்து போனவர் திரும்பவே இல்லை. நூற்றுக்கணக்கானோர், காட்டை நன்றாக அறிந்த பூர்வகுடி மக்கள் உட்பட, நாள்கணக்கில் தேடியும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அன்று எனக்கு அது ஒரு பழைய புதிர்க்கதையாகத்தான் பட்டது. கேமரன் மலை ஒரு பெரிய பூங்கா, ஊருக்கு நடுவே காடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் காட்டுக்கு நடுவேதான் அந்தச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. சாலையிலிருந்து இருபது நிமிடம் நடந்தாலே அது புரிந்துவிடும்.

புதன்கிழமைக்கு வருகிறேன். தானா ராத்தாவைச் சுற்றி எண் போட்ட காட்டுப் பாதைகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்பதாம் எண் பாதை ராபின்சன் நீர்வீழ்ச்சியைத் தாண்டிப் போகிறது. நீர்வீழ்ச்சிக்கு அப்பால் அது இரண்டாகப் பிரிகிறது. 9ஏ என்பது சற்றே சாய்வாக இறங்கித் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் கொண்டுபோய் விடும். ஒன்பது என்பது செங்குத்தாக இறங்கி அடியில் உள்ள மின்நிலையத்துக்குப் போகும். நான் போக நினைத்தது 9ஏ. வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினேன். கையில் பாதி நிரம்பிய ஒரு தண்ணீர்ப் போத்தல், இரண்டு வாழைப்பழம், பருத்தித் துணியில் ஒரு மேல்சட்டை, ஜீன்ஸ், அடி தேய்ந்த நடைக் காலணி. கைப்பேசியில் 38 விழுக்காடு மின்சாரம். விடுதி முகப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். நடக்கப் போகிறவர்கள் பாதை எண்ணையும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். மேசையில் அப்போது ஆள் இல்லை, பேனாவும் இல்லை. எழுதாமல் போய்விட்டேன்.

பிற்பகல் இரண்டு மணி என்பது தவறான நேரம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்கே மழை கடுமையாக இருக்கும், அதுவும் பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்குள் சாலைக்கு வந்துவிடுவதுதான் சரி என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். நீர்வீழ்ச்சி வரை ஒரு சிக்கலும் இல்லை. பிரிவில் இருந்த பலகையில் எழுத்து மங்கிப் பாசி படிந்திருந்தது. அகலமாகத் தெரிந்த பாதையைச் சரியான பாதை என்று எடுத்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் இறக்கம் கடுமையானது. வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. அப்போதே மனம் சொன்னது, இது வேறு பாதை என்று. ஆனாலும் இவ்வளவு தூரம் இறங்கியாயிற்றே, இன்னும் கொஞ்சம் போனால் சாலை வந்துவிடும் என்று போனேன். அந்த ‘இன்னும் கொஞ்சம்’ தான் என்னைக் கெடுத்தது. சந்தேகம் எழுந்த இடத்திலேயே நின்று, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். எனக்கு அந்த இடம் நீர்வீழ்ச்சி, அதிகம் போனால் அரை மணி நேர ஏற்றம்.

மூன்றரை மணிக்கு மழை பிடித்தது. அப்போதுதான் திரும்ப முடிவு செய்தேன். வழியில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது; இறங்கும்போது அதன் அடியில் குனிந்து வந்தது நினைவிருக்கிறது. மழையில் அந்த இடம் சேறாகி வழுக்கியதால் மரத்தைச் சுற்றிப் போகலாம் என்று புதருக்குள் நுழைந்தேன். சுற்றி வந்தபோது பாதையைக் காணவில்லை. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. பத்து அடி நகர்ந்திருப்பேன், அவ்வளவுதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே இலை, ஒரே வேர், ஒரே சேறு. பத்து நிமிடம் தேடினேன். பிறகு பயம் வந்து வேகமாக நடக்கத் தொடங்கினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஓடையைப் பிடித்துப் போனால் ஊர் வரும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை நம்பி அதை நோக்கி இறங்கினேன். அந்த மலையில் ஓடை என்றால் அருவி. பாசி பிடித்த பாறை. இரண்டாவது பாறையிலேயே வலது கால் மடங்கிக் கீழே விழுந்தேன். எலும்பு நொறுங்கியதுபோல் ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. கைப்பேசி தண்ணீரில் விழுந்து, எடுத்த பிறகும் திரை மினுங்கிக்கொண்டிருந்தது.

விமானப் பயன்முறையை எடுத்துவிட்டு 999-ஐ அழைத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 999 போகும். ஆனால் எந்தக் கோபுரமுமே எட்டாத இடத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அழைப்புப் போகவில்லை என்றதும் பதற்றத்தில் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தேன். சிக்னல் தேடித் தேடியே கைப்பேசியின் மின்சாரம் வேகமாக இறங்கியது. ஆறு மணிக்குள் அணைந்துவிட்டது. நடக்கத் தொடங்குவதற்கு முன்பே வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை. நான் நின்ற இடத்துக்கும் பாதைக்கும் எவ்வளவு தூரம் என்று அது காட்டிக்கொடுத்திருக்கும். இது தெரியாமல் கையில் கருவியை வைத்துக்கொண்டு கண்ணில்லாதவள்போலத் தடவியிருக்கிறேன்.

சூரியன் ஏழு மணிக்குத்தான் மறைகிறது என்றாலும் மரங்களுக்கு அடியில் ஆறே காலுக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஓடையிலிருந்து கையூன்றி மேலே தவழ்ந்து, ஒரு பெரிய மரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதற்கு மேல் நகரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை அரை மணி நேரத்தில் அடைத்துவிட்டது. ஒரு விசில் இருந்திருந்தால் இரவு முழுக்க ஊதியிருக்கலாம். எங்கள் வட்டாரக் கடைகளில் மூன்று ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பொருள் அது.

பிறகு குளிர். கேமரன் மலைக் குளிர் என்று நாம் ஆசையாகச் சொல்கிறோமே, இரவில் பதினைந்து பதினாறு பாகை, அது காய்ந்த துணியோடு போர்வைக்குள் இருக்கும்போது சுகம். நனைந்த பருத்தித் துணியோடு வெறும் தரையில் உட்கார்ந்திருப்பவர்களை அதே குளிர் கொல்லக்கூடும். பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஜீன்ஸ் இன்னும் மோசம். ஒன்பது மணியளவில் பற்கள் அடித்துக்கொள்வதை என்னால் நிறுத்த முடியவில்லை. கையில் கிடைத்த காய்ந்த இலைகளை, காய்ந்தது என்று சொல்ல முடியாது, ஈரம் குறைந்த இலைகளை, அடியில் பரப்பி உட்கார்ந்தேன். மேல்சட்டையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டேன். கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நூறு வரை எண்ணுவேன், தோளை அசைப்பேன், மறுபடி எண்ணுவேன். மீட்புப் படையைச் சேர்ந்த ஒருவர் பிறகு சொன்னார்: ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையை மடித்துப் பையில் வைத்திருந்தால் போதும், தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டால் மழையும் காற்றும் உள்ளே வராது. அதற்கு ஐம்பது காசு செலவாகியிருக்குமா?

அந்த இரவில் என்னை மிகவும் பயமுறுத்தியது மிருகமோ பாம்போ அட்டையோ இல்லை. பத்து மணி வாக்கில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னை யார் எப்போது தேடுவார்கள்? விடுதிக்காரர் என் அறைக்கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் தூங்குகிறேன் என்று நினைப்பார். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்யும்போதுதான் ஏதாவது தோன்றும். தோன்றினாலும் நான் எந்தப் பாதையில் போனேன் என்று அவருக்குத் தெரியாது. தங்கை வியாழன் இரவு வரை கவலைப்பட மாட்டாள். கைப்பேசி அணைந்திருப்பது என் நிபந்தனை. இந்த உலகத்தில் ஒருவருக்குக்கூட நான் இருக்கும் இடம் தெரியாது. அந்த இருட்டில் ஜிம் தாம்சன் பெயர் நினைவுக்கு வந்தது, அதற்குப் பிறகு தூக்கம் என்ற பேச்சே இல்லை. அம்மாவை யார் குளிப்பாட்டுவார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்ப யோசித்தேன். எதை விட்டு நான்கு நாள் ஓடி வந்தேனோ அந்த வேலையையே கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பக் கேட்டேன்.

மழை நள்ளிரவுக்கு மேல் நின்றது. ஏழு மணிக்கு வெளிச்சம் இலைகளுக்கு நடுவே இறங்கியதும் எழுந்து பார்த்தேன். விழுந்து கிடந்த அந்த மரம் மேலே தெரிந்தது. அதன் அந்தப்பக்கம் பாதை. என் இடத்திலிருந்து முப்பது அடிகூட இருக்காது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு கிளையை ஒடித்து ஊன்றிக்கொண்டு, ஏற முடியாத இடங்களில் உட்கார்ந்தபடியே பின்னோக்கி நகர்ந்து, நீர்வீழ்ச்சிக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் பிடித்தது. அங்கே காலை நடைக்கு வந்திருந்த ஒரு சீன முதியவரும் அவர் மனைவியும் என்னைப் பார்த்து ஓடி வந்தார்கள். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, குடுவையிலிருந்து சூடான தேநீரை ஊற்றி, கப்பை என் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார். என் விரல்கள் மடங்கவில்லை என்பதை எனக்கு முன் அவர் கவனித்திருக்கிறார். பெரியவர் சற்று மேலே ஏறிப்போய் 999-ஐ அழைத்தார்.

மீட்புப் படையினர் தூக்குப்படுக்கையில் கொண்டுபோய் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். தானா ராத்தா அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்காலின் வெளிப்புற எலும்பில் மெல்லிய விரிசல். கட்டுப் போட்டு, சூடேற்றி, மாலை வரை வைத்திருந்தார்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். அந்த ஒரு ரிங்கிட்டைக் கட்டியபோது நாட்டின்மேல் எனக்கு எழுந்த நன்றியை மறக்க மாட்டேன். மற்றக் கணக்கு வேறு மாதிரி. கட்டுப்போட்ட காலோடு பஸ்ஸில் உட்கார முடியாததால் கிள்ளான் வரை வாடகைக் கார் 480. புதுக் கைப்பேசி 900. ஒருநாள் கூடுதலாகத் தங்கிய அறை 140. வீணான தோட்டப் பயணம் 80. கால் ஊன்ற முடியாத ஐந்து வாரம் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வைத்த செலவு 2,200. மருத்துவ விடுப்பு போக, ஆண்டு விடுப்பில் எட்டு நாள் போனது. ஏறக்குறைய 3,800 ரிங்கிட், என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் இதில் ஒரு பகுதியாவது திரும்பியிருக்கலாம். உள்நாட்டுப் பயணத்துக்கும் அது கிடைக்கும் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

தங்கையிடம் முதலில் பொய் சொன்னேன். படியில் வழுக்கி விழுந்தேன் என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கூப்பிடாதே என்று நீ சொன்னதை நான் ஒப்புக்கொண்டேனே அக்கா” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அந்தக் குற்றவுணர்வைக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் காலைவிட அதிகமாக வலித்தது. ஓய்வு வேண்டும், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அது தேவை. நான் கேட்ட விதம்தான் தவறு. ‘இன்று ஒன்பதாம் பாதை, இரண்டு மணிக்குப் போகிறேன், ஆறு மணிக்குச் செய்தி வரவில்லையென்றால் விடுதிக்குக் கூப்பிடு’ என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு வரி அனுப்பியிருந்தால், ஏழு மணிக்கு விளக்கோடு ஆள்கள் அந்தப் பாதையில் இறங்கியிருப்பார்கள். அந்த ஒரு வரியால் என் ஓய்வு ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

தனியாகப் போகிறவர்கள் காட்டுப் பாதைக்கு மட்டுமாவது உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். அதற்கு மனமில்லையென்றால் நீர்வீழ்ச்சி வரை போய்விட்டு வந்த வழியே திரும்புங்கள், அதுவே அழகான நடை. மழை பெய்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். பையில் விசில், தலையில் மாட்டும் விளக்கு, மின்சேமிப்பான், குப்பைப் பை, ஒரு கம்பளிச் சட்டை ஆகியவற்றை நெகிழி உறைக்குள் கட்டி வையுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோகூட வராது.

தீபாவளிக்கு அந்தச் சீனத் தம்பதிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து அஞ்சலில் அனுப்பினேன். மருத்துவமனையில் முகவரி வாங்கி வைத்திருந்தேன். பத்து நாளில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே இரண்டு பெட்டி தேயிலையும், மலாயில் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாளும். ‘அடுத்த முறை வரும்போது எங்களைக் கூப்பிடு, சேர்ந்து நடப்போம்’ என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு அந்தத் தேநீரைப் போட்டுக் கொடுத்தபோது, ஒரு பக்கம் இழுத்த வாயால் ஒரு மிடறு குடித்துவிட்டு, “கேமரன் கொழுந்தா?” என்றார். பிப்ரவரியில் நானும் தங்கையும் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகப் போகிறோம். ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, கீழ்த்தளத்தில், தேயிலை தெரியும் சன்னலோடு அறை எடுத்திருக்கிறேன்.